சேலம் பஸ்ஸுக்கு வாசித்தவர்

அவரை நினைத்தால் முகத்துக்கு முன்னால் வலது கைதான் வருகிறது. கருத்து மெலிந்த கை. மணிக்கட்டில் எலும்பு சற்றுத் துருத்தியிருக்கும். ஒரு மரப்பெட்டியின் பக்கவாட்டில் இருந்த இரும்புக் கைப்பிடியை அது சுற்றிக்கொண்டிருக்கும். சுற்றும் வேகம் ஒருபோதும் கூடாது, ஒருபோதும் குறையாது. கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் மற்ற எல்லாமே முன்பின்னாகத்தான் நடக்கும். சேலம் பேருந்து பிந்தும், திருவண்ணாமலைப் பேருந்து முந்தும், தேநீர்க் கடையில் பால் பொங்கி வழியும். அந்தக் கையை மட்டும் யாராலும் அவசரப்படுத்த முடிந்ததில்லை.

என் அம்மா சேலம் பேருந்துகள் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே பூ விற்றார். பள்ளி விட்டதும் நான் அங்கே வந்து, பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் எழுதுவேன். எங்களுக்கு அடுத்தாற்போல், இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் நிற்பார். ஊருக்கெல்லாம் அவர் பெட்டிக்காரம்மா. அம்மா அவரை அக்கா என்று அழைத்ததால் எனக்குப் பெரியம்மா.

பெட்டியை முதன்முறை பார்ப்பவர்கள் ஆர்மோனியம் என்று நினைப்பார்கள். அது ஆர்மோனியம் அன்று. முன்புறம் வரிசையாகத் தகரக் குழல்கள். அவற்றுக்குக் கீழே ஒரு வெள்ளைக்கார ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் படம். பெண்ணின் வண்ணம் பெரும்பாலும் உரிந்துபோயிருந்ததால், அந்த ஆண் ஒரு பாவாடையோடு தனியே ஆடிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். உள்ளே, பித்தளை முட்கள் அறையப்பட்ட ஒரு மர உருளை. கைப்பிடியைச் சுற்றினால் உருளை சுழலும். தோல் துருத்தி காற்றை ஊதும். முட்கள் தட்டத் தட்டக் குழல்கள் பாடும். பாட்டு முழுவதும் அந்த முட்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாசிப்பவருக்கென்று விடப்பட்டிருப்பது வேகம் ஒன்றுதான்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டபோது, ஒரு துரை தம் சமையல்காரரிடம் விட்டுப் போன பெட்டி அது. அந்தச் சமையல்காரரின் மகன்தான் பெரியம்மாவின் கணவர். நான் அவரைப் பார்த்ததில்லை.

உருளையில் எட்டுப் பாட்டுகள் இருந்தன. அவற்றின் சொற்கள் எங்கள் ஊரில் எவருக்கும் தெரியாது. தெரியாததால்தானோ என்னவோ, ஒவ்வொருவரும் அவற்றைத் தம் சொந்தப் பாட்டாக வைத்துக்கொண்டார்கள். ஒன்று யானைப் பாட்டு. ஒன்று மழைப் பாட்டு. மிக மெதுவாகச் செல்லும் ஒன்று தூளிப் பாட்டு. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டிவிட்டு, உடம்பெல்லாம் காய்ந்த சோகை இலைகள் கீறிய கோடுகளோடு திரும்பும் ஆட்கள், ஊர்ப் பேருந்து வந்து நின்ற பிறகும் தூளிப் பாட்டு முடியும்வரை ஏறமாட்டார்கள். "வண்டிய எடுக்கட்டுமா, இல்ல எல்லாருக்கும் தலகாணி கொண்டாரட்டுமா?" என்று நடத்துநர் கத்துவார். கத்திவிட்டு அவரும் படியில் சாய்ந்து நின்று கேட்பார். கேட்பவர்களின் முகத்தில் அப்போது வரும் ஒரு வெறுமை எனக்குப் பிடிக்கும். யாரையோ நினைத்துக்கொண்டு, யார் என்று தமக்கே பிடிபடாமல் நிற்பவர்களின் முகம் அது.

சுற்றிக்கொண்டிருக்கும்போது பெரியம்மா பேசமாட்டார், சிரிக்கவும் மாட்டார். அம்மாவோ வாய் ஓயாதவர். பேருந்தில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே துண்டு போடுகிறவனைப் பற்றியும், பூவுக்குப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போகிறவளைப் பற்றியும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்டவர்கள் அத்தனை பேரும் சிரித்து ஓய்ந்து, பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கும். அப்போதுதான் பாட்டு முடியும். பெரியம்மா கைப்பிடியை விட்டுவிட்டு, எப்போதோ சொல்லப்பட்ட அந்த வேடிக்கைக்குத் தனியாகச் சிரிப்பார்.

"இன்னாக்கா, நேத்து சொன்னதுக்கு இன்னிக்குச் சிரிக்கிற?" என்பார் அம்மா.

"சேத்து வெச்சிருந்தேன்" என்பார் அவர்.

கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டும் ஒருவர் அடிக்கடி அங்கே வருவார். பெட்டியின் மேல் அவருக்கு ஒரு கண். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் அதை ஓட்டிப்போனால் கூட்டம் அள்ளும் என்பது அவர் கணக்கு. ஆனால் அவருக்குப் பெரிய குறை ஒன்று இருந்தது.

"இன்னாம்மா, எழவு வூட்டுக்குப் போறாப்புல சுத்திக்கினு இருக்க? கொஞ்சம் ஸ்பீடா சுத்தும்மா. இந்த நடையில போனா, பொண்ணு வூடு போய்ச் சேர்றதுக்குள்ள மாப்ளைக்கு நரைச்சிடும்."

"நரைச்ச மாப்ள தான்யா ஒன்ன கூப்புடுறான். வேற எவன் கூப்புடுறான்?" என்றார் அம்மா.

"நீ பூவ கட்டு தாயி, வாய கட்டாத வுட்டுட்டாங்க ஒனக்கு." அவர் பெரியம்மாவின் பக்கம் திரும்பினார். "வேகமா சுத்துனா பெட்டி கெட்டாம்மா பூடும்?"

பாட்டு முடிந்ததும் பெரியம்மா சொன்னார்: "கெடாதுங்க. வேகமும் சுத்தலாம், மெதுவாவும் சுத்தலாம். நான் சுத்தமாட்டேங்க."

"ஏன்?"

அவர் பெட்டியின் பக்கம் திரும்பினார். உருளையைப் பாட்டுக்குப் பாட்டு நகர்த்தும் விசையைத் தள்ளி அடுத்ததைத் தொடங்கினார். எட்டு வேறு வேறு பாட்டுகள். ஆனால் கைக்கு ஒரே வேகம். மைக் செட்காரர் தலையில் அடித்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போனார்.

எனக்குப் பெரியம்மாவிடம் சிறிது அச்சமும் உண்டு. அது வந்தது ஒரு மழைக்காலப் பிற்பகலில். கல்வராயன் மலையிலிருந்து, வெள்ளிமலைப் பேருந்தில், அவருடைய தம்பி இறங்கி வந்தார். முழங்கால்வரை செம்மண். யானைப் பாட்டு நடுவில் இருந்தது.

"அக்கா, அம்மா போயிட்டுது" என்றார்.

பெரியம்மா தலையை அசைத்தார். கை நிற்கவில்லை. நான் அவருக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்ததால், மூக்கின் வழியே அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்டது. அது கைப்பிடியோடு சேர்ந்து ஏறி இறங்கியது. தம்பி அழுதுகொண்டே நின்றார். பாட்டு கடைசிக் குழல்வரை, என்றும் ஓடிய அதே வேகத்தில் ஓடி முடிந்தது. பிறகே அவர் தார்ப்பாயை எடுத்துப் பெட்டியை மூடி, கயிறு கட்டி, அம்மாவிடம் "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு போனார்.

"கல்லுடா அது. பெத்தவ செத்துட்டான்றான், பொம்மனாட்டி பாட்டு ஓட்டிக்கினு நிக்குது" என்றார் தேநீர்க் கடைக்காரர்.

அம்மாகூட அன்று எதிர்த்துப் பேசவில்லை.

அவர் திரும்பி வந்த பிறகு, பூக்கள் விற்றுத் தீர்ந்த ஒரு மாலையில், அம்மாவே நேராகக் கேட்டுவிட்டார். "ஊரு ஆயிரம் பேசுதுக்கா. ஒரு நிமிசம் நிறுத்தினா இன்னா?"

அப்போதுதான் பெரியம்மா தம்மைப் பற்றிச் சொன்னார். அவர் மலையில் பிறந்தவர். வெள்ளிமலைச் சந்தைக்குக் கடுக்காய் கொண்டுவந்து விற்ற வயதில், பேருந்தின் கூரையில் ஏற்றிக்கொண்டு இந்தப் பெட்டியோடு ஒருவர் வந்தார்.

"மொத வாரம் கேட்டேன். மறு வாரம் கேட்டேன். மூணாவது வாரம் பஸ்ஸு ஏறிட்டேன்."

"பாட்டுக்கா, ஆளுக்கா?"

"பாட்டுக்குத்தான். ஆள கச்சிராயபாளையம் தாண்டித்தான் சரியாவே பாத்தேன். பாத்துட்டு, சரி, ஏறியாச்சு, எறங்குறதுக்கு வெக்கமா இருந்துச்சு."

அம்மா சிரித்தார். பெட்டி ஓடாததால் பெரியம்மாவும் உடன் சிரித்தார்.

பிறகு ஒரு வறட்சி ஆண்டில், காப்பிப் பழம் பறிக்க ஆள் சேர்த்தவர்களோடு கணவர் குடகுக்குப் போயிருக்கிறார். பறிப்பு முடிந்ததும் வந்துவிடுவதாகப் பேச்சு. போவதற்கு முன், பெரியம்மாவின் கையைத் தம் கைக்குள் வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக் காட்டினார்.

"மூச்சோட சேத்து சுத்தணும்னாரு. சிரிச்சா கை ஓடிடும், அழுதா கை நின்னுடும். ரெண்டும் கூடாதுன்னாரு. சேலம் பஸ்ஸுலதான் வருவேன். எறங்குறப்ப சத்தம் கேக்கும். இந்த வேகம் கேட்டா எம் பொண்டாட்டின்னு தெரிஞ்சிக்குவேன், மாறிட்டா எவனோ பெட்டிய வாங்கிட்டான்னு நெனச்சிக்கினு போயிடுவேன்னாரு." கைப்பிடியை முந்தானையால் துடைத்தார். "சும்மா வெளையாட்டுக்குத்தான் சொன்னாரு. ஆனா அப்ப இருந்த வூட்ட காலி பண்ணிட்டேன். அவருக்கும் படிப்பு இல்ல, எனக்கும் இல்ல. நான் எங்க இருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? இந்தச் சத்தம்தான் தெரியும்."

"எத்தினி வருசம் ஆச்சுக்கா?"

"உம் பொண்ணு பொறக்கறதுக்கு முந்தி."

அம்மா என்னைப் பார்த்தார். நான் பாடம் எழுதுவதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அதன் பிறகு ஒவ்வொரு சேலம் பேருந்து வரும்போதும் இறங்குகிறவர்களை நானும் பார்க்கத் தொடங்கினேன். அடையாளம் தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகையால் பெட்டியின் பக்கம் திரும்புகிற எவரையும் அவராக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வேன். நிறையப் பேர் திரும்பினார்கள். அந்தச் சத்தத்துக்கு யார்தான் திரும்பாமல் இருப்பார்கள்?

கல்லூரியில் இப்போது நான் இலக்கியம் படிக்கிறேன். தலைவனுக்காகக் காத்திருப்பதைப் பாட எங்கள் பழைய பாடல்களில் தனித் திணையே உண்டு. காத்திருப்பவளின் வளை நெகிழ்வதையும் கார்மேகம் வருவதையும் உரையாசிரியர்கள் நுட்பமாக விளக்குகிறார்கள். காத்திருப்பின் வேகம் எவ்வளவு என்பதற்கு மட்டும் எந்த உரையிலும் குறிப்பு இல்லை. அது எனக்குத் தெரியும். மூச்சை இழுக்கும்போது சற்றே ஏறி, விடும்போது சற்றே இறங்கி, ஆனால் கேட்பவருக்கு ஏற்றமும் இறக்கமும் தெரியாதபடி ஓடும் வேகம்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, பங்குனியில் ஒரு நாள், மலைக்குப் போகும் பேருந்துக்குக் காத்திருந்த ஓர் இளம்பெண் அம்மாவிடம் பூ வாங்க வந்தாள். குடகுப் பறிப்பு முடிந்து திரும்புகிறவள், தலையில் மூட்டை. பெரியம்மாவைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டாள். அவருடைய சிற்றப்பாவின் மகள் அவள்.

"அக்கா! நீ இங்கதான் இருக்கியா? மாமாவ பாத்தேன்க்கா."

பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. பெரியம்மாவின் கை கைப்பிடியின் மேலேயே இருந்தது.

"எங்க பாத்த?"

"அங்கதான், குடகுல. நாங்க பறிச்ச தோட்டத்துல அவருதான் மேஸ்திரி. ஒடம்பெல்லாம் நல்லா கீறாரு." அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்தினாள். "அங்கயே ஒரு குடும்பம் ஆயிடுச்சுக்கா. ரெண்டு பசங்க."

"அடப் பாவி" என்றார் அம்மா.

அந்தப் பெண்ணுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஆறுதலாக ஏதாவது கொடுத்தாக வேண்டும் என்று தவித்தவள்போல் வேகமாகச் சொன்னாள்: "ஆனா ஒன்ன மறக்கலக்கா. சாமி சத்தியமா. போன ஆடியில வேலைக்கு ஆள் கூப்புட இங்க வந்தாராம். சேலம் பஸ்ஸ வுட்டு எறங்குனதும் பெட்டி சத்தம் கேட்டுச்சாம். அதே கையி, ஒரு சுத்துகூட மாறல, என்னை மாதிரியே சுத்துறான்னு தோட்டத்துல எல்லார்கிட்டயும் சொல்றாருக்கா. அவ்ளோ பெருமையா சொல்றாரு."

சொல்லிவிட்டு அவள் பெரியம்மாவின் முகத்தை ஆவலோடு பார்த்தாள். நல்ல சேதி ஒன்றைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாகவே அவள் நம்பினாள்.

"எங்க நின்னு கேட்டாராம்?" என்றார் பெரியம்மா.

"பஸ்ஸுக்குப் பின்னாடியாம்."

"ரொம்ப நேரமா?"

"பாட்டு முடியுற வரைக்கும் நின்னாராம். அப்புறம் வேற பஸ்ஸு ஏறிட்டாராம்."

"எந்தப் பாட்டு?"

"அதெல்லாம் தெர்லக்கா."

வெள்ளிமலைப் பேருந்து வந்தது. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஜன்னலில் இருந்து கையசைத்தாள். அம்மா எழுந்து பெரியம்மாவின் தோளைத் தொட்டார்.

"வுடுக்கா. அந்தாளு ஒரு ஆளா?"

"இல்ல, சரியாத்தான் சுத்தியிருக்கேன்" என்றார் பெரியம்மா. "அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரு."

பிறகு விசையைத் தள்ளித் தூளிப் பாட்டை வைத்தார். கை தொடங்கியது. முதல் சில சுற்றுகள் பழைய வேகம். அதன் பிறகு மெல்ல ஏறியது. பிறகு மேலும் ஏறியது. குழல்கள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடின. இத்தனை ஆண்டுகளாக எங்களைக் கண்சொக்க வைத்த பாட்டுக்குள் இப்படி ஒரு துள்ளல் ஒளிந்திருந்ததை எவரும் அறிந்திருக்கவில்லை. முதலில் திரும்பியவர்கள் குழந்தைகள். அவர்கள் குதிக்கத் தொடங்கினார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சும்மாடை இடுப்பில் சுற்றிக்கொண்டு கை தட்டினார்கள். நடத்துநர் ஒருவர் விசில் அடித்துத் தாளம் போட, எந்த வண்டிக்கான விசில் என்று தெரியாமல் சின்னசேலம் வண்டி புறப்பட்டுப்போய், ஏறவேண்டியவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். கையைச் சுற்றிக்கொண்டே, எல்லோரும் சிரித்த அதே நேரத்தில், வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்படிப் போடு! இத்தினி வருசமா இத எங்கம்மா பூட்டி வெச்சிருந்த?" என்று மைக் செட்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

பேருந்து நிலையம் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா மட்டும் கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த முகூர்த்தத்திலிருந்து பெரியம்மா மைக் செட்காரரோடு கல்யாணங்களுக்குப் போகத் தொடங்கினார். பெட்டி நின்ற இடத்தில் இளநீர் விற்பவர் ஒருவர் வந்து நின்றார். சேலம் பேருந்துகள் வந்தன, போயின. இறங்குகிறவர்கள் எவரும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. நான் பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தேன். சுற்றிலும் அவ்வளவு இரைச்சல் இருந்தும், அந்த இடம் அமைதியாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

சென்ற ஆண்டு, எலவனாசூர்கோட்டையில் அம்மாவின் உறவினர் வீட்டுக் கல்யாணம். கல்லூரியிலிருந்து நேராகப் போயிருந்தேன். மாப்பிள்ளை ஊர்வலம் தெருவுக்குள் நுழையும் முன்பே சத்தம் கேட்டது. பெட்டிக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள்; படத்தில் அந்தப் பெண்ணுக்கு முகம் வந்திருந்தது. பெரியம்மா நரைத்துச் சற்றுப் பருத்திருந்தார். கை பறந்தது. "மாப்ள, தலைய தூக்கு! பொண்ணு இன்னா ஓடியா போயிடும்?" என்று சுற்றிக்கொண்டே கிண்டல் செய்தார். தெருவே சிரித்தது.

ஊர்வலம் முடிந்து, பந்தலுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"அட, பூக்காரி பொண்ணா! இன்னும் பேசாமத்தான் இருக்கியா? காலேஜுலயாவது வாயத் தொறக்கறியா?"

சிரித்தேன். பிறகு, வெகு நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். "பெரிம்மா, தூளிப் பாட்ட அப்ப மாதிரி ஒரு தடவ சுத்துறீங்களா?"

"அப்ப மாதிரின்னா?"

"பஸ் ஸ்டாண்டுல சுத்துவீங்களே, அந்த மாதிரி."

அவர் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு சுற்று சுற்றினார், நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், வேகம் தானாக ஏறியது. "வரலியே கண்ணு" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது, வியப்புதான் இருந்தது. "மூச்சு இப்ப வேற மாதிரி போவுது போல. ஒனக்குத் தெரியுமா? தெரிஞ்சா நீ சுத்தேன்."

எனக்குத் தெரிந்திருந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினேன். கைப்பிடி நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. ஆனால் வேகம் தவறவில்லை. பந்தலுக்குள்ளிருந்து மைக் செட்காரர் "இன்னாம்மா, பெட்டி ரிப்பேரா?" என்று கத்தினார். இலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் கையில் இலைக்கட்டோடு அப்படியே நின்றார்.

பெரியம்மா பெட்டியைச் சுற்றி முன்பக்கம் வந்தார். அத்தனை ஆண்டுகளும் கைப்பிடியின் பக்கமே நின்றவர், இப்போது, இறங்கி வரும் ஒரு பயணி நிற்கக்கூடிய தூரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒவ்வொரு குழலாகப் பாடி ஓய்வதைக் கேட்டார். பாட்டின் நடுவில் அவர் முகத்தில் ஏதோ அசைந்தது.

"இவ்ளோ மெதுவாவா சுத்திக்கினு இருந்தேன்?" என்றார். "இத்தினி வருசமுமா?"

பாட்டு முடிய இன்னும் பாதி இருந்தது. நான் சுற்றிக்கொண்டிருந்தேன், பதில் சொல்ல முடியவில்லை.